காமன் எரியாத வகுப்பறை

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டனுக்குப் போகிறவர்களுக்குக் கரவனெல்ல என்பது ஒரு சிறு கடைத்தெருவும் ஓர் ஆதார வைத்தியசாலையும்தான். அரசியல் வரலாறு அறிந்தோர், 1936 இல் என்.எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பிய ருவான்வெல்லைப் பகுதி இதுவென்று நினைவுகூர்வர். தமிழ் நாடகத்தோடு சேர்த்து இப்பெயரை எவரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. ஆயினும், நாடகம் பற்றி எனக்கிருந்த புத்தக அறிவு முதன்முதலில் அடிவாங்கியது இவ்வூருக்கு அருகிலுள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்தில்தான்.

1990களின் நடுப்பகுதி. வேறொரு செய்திக்காகச் சென்றிருந்தேன். மாசி மாதம். இருட்டியபின் லயத்துப் பக்கமிருந்து தப்பு முழங்கியது. மறுநாள் விடியுமுன் பால்வெட்டுக்குப் போகவேண்டியவர்கள் நடுநிசி தாண்டியும் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். மன்மதனை இழந்த இரதி புலம்பிக்கொண்டிருந்தாள். இரதி வேடமிட்டவர் மீசை மழித்த நடுத்தர வயதுத் தொழிலாளி. பட்டதாரியான நான் முதலில் சிரிக்கத்தான் தயாரானேன். பக்கத்திலிருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைக் கண்டபின் என் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மலையகத் தோட்டங்களின் கூத்துகளில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றையும் முதன்மையாகச் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து ஆள்கட்டி அழைத்துவரப்பட்டவர்கள் தம்மோடு கொண்டுவந்த சொத்து இது. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையளவில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிவதும், பின் உயிர்பெறுவதும் கதை. தமிழகத்தில் இதே விழாவையொட்டி, காமன் எரிந்தானா இல்லையா என்று ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ பிரிந்து லாவணி பாடுவதுண்டு. பொன்னர் சங்கரில் படுகளத்தில் விழுந்தவர்கள் எழுப்பப்படுகிறார்கள். மாண்டவர் மீள்வது இக்கூத்துகளில் திரும்பத்திரும்ப வருகிறது. அன்றைய தோட்ட வாழ்க்கையை அறிந்தோருக்கு அதன் காரணத்தை விளக்கவேண்டியதில்லை.

இனிப் பல்கலைக்கழகத்தின் பக்கம் வருவோம். 1956 இல் பேராசிரியர் சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத்துக்குப் புது வழிகாட்டிய அப்படைப்பு நாடகம என்னும் பழைய வடிவத்திலிருந்து பிறந்தது. அந்த நாடகமவோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. பேராதனையில் இதை அருகிருந்து கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், நம் வீட்டுப் பொருளை நாமே மறந்திருப்பதை உணர்ந்தார். கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1967) என்று பல்கலைக்கழக மாணவரைக்கொண்டே கூத்துகளை மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்டதை ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கினார். ஆட்டத்தையும் தாளத்தையும் கைவிடவில்லை. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து எழுதினார். படித்தவர்கள் கூத்தை ‘பாமரர் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கிய காலத்தில், பல்கலைக்கழக மாணவர் காலில் சலங்கை கட்டி ஆடியது சிறிய காரியமன்று.

ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இம்மறுமலர்ச்சியின் முதுகெலும்பு கிழக்கின் வடமோடிக் கூத்து. பேராதனையிலிருந்து பார்த்தால் மட்டக்களப்பைவிட எத்தனையோ அருகில் இருந்தன தோட்டங்கள். அவற்றின் தப்பொலி பேராதனையின் மேடையை எட்டவில்லை. வித்தியானந்தனைக் குறைகூறுவது என் நோக்கமன்று. 1948 இல் குடியுரிமையையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்த மக்களின் கலையை அன்று யார்தான் எண்ணிப்பார்த்தார்கள்? 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. இராவணேசன் மேடையேறியதும் அதே ஆண்டில்தான். பின்வந்த ஆண்டுகளில் கப்பலேறியவர்களில் கூத்து வாத்தியார்களும் இருந்தார்கள். ஏட்டில் எழுதாத பாட்டு, பாடுகிறவனோடு போய்விடும். 

இன்று ‘நாடகமும் அரங்கியலும்’ பாடசாலைப் பாடம். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சை உண்டு. கிரேக்க அரங்கு, வடமொழி அரங்கு, எலிசபெத் கால அரங்கு என்று மாணவர் படிக்கிறார்கள். நல்லதுதான். சேக்ஸ்பியரைத் தமிழருக்கு விளக்க விபுலாநந்த அடிகள் 1926 இலேயே ‘மதங்க சூளாமணி’ எழுதினார் அல்லவா? ஆனால் நாடகத்தைக் கண்ணால் காணாமல் படிப்பது, நீரில் இறங்காமல் நீச்சல் படிப்பதைப் போன்றது. இலண்டனில் குளோப் அரங்கு 2007 முதல் பள்ளி மாணவருக்கென்றே சேக்ஸ்பியர் நாடகங்களை நடத்தி இலவசமாகக் காட்டிவருகிறது. சேக்ஸ்பியர் பிறந்த நாட்டிலேயே அது தேவைப்படுகிறது!

சில ஆண்டுகளுக்கு முன், அதே கரவனெல்லப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையொன்றின் ஆசிரியர் ஒருவர் என்னை அழைத்தார். தியோனிசஸ் தெய்வ விழாவிலிருந்து கிரேக்க நாடகம் பிறந்த வரலாற்றை அவருடைய மாணவர்கள் ஒப்புவித்தார்கள். பேராசிரியர் சிவத்தம்பி பண்டைத் தமிழ் நாடகத்தைக் கிரேக்க நாடகத்தோடு ஒப்பிட்டு பர்மிங்ஹாமில் 1970 இல் கலாநிதிப் பட்டம் பெற்றதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. “காமன் கூத்துப் பார்த்தவர்கள் யார்?” என்று கேட்டேன். இரண்டு கைகள் உயர்ந்தன. அதில் ஒரு கை, தொலைபேசியில் பார்த்த கை.

ஆசிரியர் கெட்டிக்காரர். அடுத்த வாரமே தோட்டத்திலிருந்து முதியவர் ஒருவரை அழைத்து வந்தார். மூன்று சனிக்கிழமைகள் பயிற்சி. முதல் நாள் தாளம் மட்டும். தப்பைத் தொடத் தயங்கிய பிள்ளைகளும் இருந்தார்கள். அத்தயக்கத்தின் வேர் சாதி என்பதை நான் சொல்லாமலே வாசகர் அறிவர். முதியவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குச்சியை அந்தப் பிள்ளைகளின் கையிலேயே முதலில் கொடுத்தார். இரண்டாம் வாரம் ஒரு மாணவி இரதியாக ஆட முன்வந்தாள். “பொம்பளப் புள்ள இரதி கட்டுனது நான் பாத்ததில்ல. கட்டட்டும், சாமி கோவிக்காது” என்றார் அவர். “தாத்தா, இந்தப் பாட்ட எழுதுனது யாரு?” என்று கேட்டாள் அவள். “எங்கப்பாகிட்ட கேட்டேன். அவரும் அவங்கப்பாகிட்டக் கேட்டாராம்.”

மூன்றாம் சனிக்கிழமை காமன் தகனத்தையும் ஆடிக்காட்ட வேண்டுமென்று ஆசிரியர் விரும்பினார். சிவப்புத் துணி, காகிதத் தீ எல்லாம் ஆயத்தம். முதியவர் மறுத்துவிட்டார். “கம்பம் ஊனாம காமன எரிக்கக் கூடாது சார். மாசியில தோட்டத்துக்கு வாங்க, எரிப்போம்.” ஆசிரியர் என்னைப் பார்த்தார், நான் முதியவரைப் பார்த்தேன். அன்றைய ஆட்டம் மன்மதன் விடைபெறும் இடத்தோடு நின்றது. அந்த மாணவி சலங்கையை அவிழ்த்துக்கொண்டே, மாசி எத்தனையாம் திகதி பிறக்கிறது என்று ஆசிரியரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.