உற்றவன் முதலில்

பொன்விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று விழாக் குழுவினர் வீடு தேடி வந்து கேட்டார்கள். மறுக்க மனம் வரவில்லை. நம் இலவச மருத்துவ நிலையம் பிறந்து வளர்ந்த கதை ஊரறிந்தது. அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, இங்கே இடமும் இல்லை. ‘நோயாளியின் உரிமையும் மரியாதையும்’ என்று தலைப்பையும் அவர்களே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் குறளைச் சுமந்தவன் நான். உரிமை என்றால் வழக்கறிஞருக்குச் சட்டம் நினைவுக்கு வரும், எனக்கு வள்ளுவர்தான் வருகிறார். பொறுத்தருள்க.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் நிறைவாக நிற்கும் 950-ஆம் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, கூடவே இருந்து பணி செய்பவன் என்பன அந்நான்கு. இந்தப் பகுப்பு வள்ளுவருக்கு மட்டும் உரியதன்று. வடமொழி மருத்துவ நூலாருள் சரகரும் சொன்னார், பின்னால் வாக்படரும் சொன்னார். ஆனால் அவர்கள் இருவரும் தொடங்குவது மருத்துவனிடத்தில். அடுத்து மருந்து, அடுத்துப் பணியாளன், கடைசியில்தான் நோயாளி. வள்ளுவரோ நோயாளியை வரிசையின் தலையில் நிறுத்துகிறார். செய்யுள் ஓசைக்காக அப்படி அமைந்தது என்று சிலர் சொல்லக்கூடும். முந்தைய 949-ஆம் குறளைப் பாருங்கள். கற்ற மருத்துவன் எண்ணிப் பார்க்க வேண்டியவை மூன்று என்கிறார். அங்கேயும் நோயாளியின் அளவு முதலில், நோயின் அளவு அதற்குப் பிறகு. இரண்டு குறளிலும் ஓசை ஒரே இடத்தில் வந்து நின்றது என்றால் நான் நம்ப மாட்டேன்.

வள்ளுவர் ஆண்ட சொல்லும் கவனிக்கத்தக்கது. ‘நோயாளி’ என்று சொல்லவில்லை, ‘உற்றவன்’ என்கிறார். துன்பம் வந்து சேர்ந்தவன் என்பது பொருள். அதே ‘உறு’ என்னும் வேரிலிருந்துதான் உற்றார், உறவினர், உறவு எல்லாம் கிளைத்தன. நோய் உற்றவனும் நமக்கு உற்றவனும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்குகிறார்கள். இப்படியொரு சொல் எத்தனை மொழிகளுக்கு வாய்த்திருக்கும்! பணியாளனுக்கு அவர் தந்த பெயர் ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். ஏவலன் என்றோ கையாள் என்றோ சொல்லாமல், பக்கத்தில் செல்பவன் என்றார். சீட்டு எழுதுபவர், ஊசி போடும் சகோதரி, மாத்திரை எண்ணித் தரும் கம்பவுண்டர் எல்லாரும் உழைச்செல்வாரே.

குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இந்த நான்கையும் நந்நான்காக விரித்துப் பதினாறு ஆக்குகிறார். உற்றவனிடம் இருக்க வேண்டியவற்றுள் அவர் முதலில் வைப்பது பொருளுடைமை. அந்த ஒன்று இல்லாதவர்களுக்காகத்தான் நம் நிலையம் எழுந்தது என்பதை எண்ணினால், பரிமேலழகரையே ஒரு படி திருத்திவிட்டோம் என்று பெருமைப்படலாம். மருத்துவன் சொற்படி நடத்தலும் மருந்தின் துன்பத்தைப் பொறுத்தலும் நாம் அன்றாடம் காண்பவை. எஞ்சிய ஒன்று, தன் நோய்நிலையை எடுத்துணர்த்தும் வன்மை. என் கட்டுரையின் உயிர் அதில் இருக்கிறது. சொல்லும் வன்மை நோயாளிக்கு வேண்டும் என்றால், கேட்கும் செவி யாருக்கு வேண்டும்? சொல்வதற்கு ஏற்ற இடம் எங்கே இருக்க வேண்டும்? உரையாசிரியர் கடமை என்று எழுதியதன் மறுபக்கத்தில் உரிமை எழுதப்பட்டிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிப் பிரிவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். முதியவர்களுக்கு வரும் சிறுநீர்த் தொல்லைதான். சீட்டு எழுதிய பெண் தலை நிமிராமல், “பெரியவரே, ராத்திரி ஒண்ணுக்கு எத்தனை தடவை போறீங்க?” என்று உரக்கக் கேட்டாள். பின்னால் வரிசை, வரிசையில் என்னிடம் படித்த இருவர். “ரெண்டு தடவைம்மா” என்றேன். உண்மையில் ஆறு. சீட்டில் இரண்டு என்றே பதிவானது. மருத்துவரும் அதையே நம்பி மாத்திரை எழுதினார். நல்ல மருத்துவர்தான், அவர்மேல் பிழை இல்லை. அந்தப் பெண்மீதும் கோபம் இல்லை, பாவம், அவளுக்கு அன்று இருநூறு சீட்டு. ஆனால் என் நோய்நிலை உணர்த்தும் வன்மை அந்தச் சன்னலிலேயே செத்துப்போயிற்று.

நோயுற்றோருக்கான இடத்துக்கு ஆதுலர்சாலை என்னும் அருமையான சொல்லைச் சோழர் கல்வெட்டுகள் நமக்குத் தந்திருக்கின்றன. குந்தவைப் பிராட்டியார் தஞ்சையில் தம் தந்தையார் பெயரால் ஒன்று கண்டார். 11-ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திரன் காலத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் பெருமாள் கோயிலை ஒட்டி வீரசோழன் ஆதுலர்சாலை இயங்கியது. 15 கட்டில்கள். மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை என்னும் அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர் இருவர், மருந்து கொடுத்துப் பணிவிடை செய்யும் பெண்டிர் இருவர், நாவிதர், தண்ணீர் வார்ப்பவர். வாசாஹரீதகி, தசமூலஹரீதகி என்று மருந்துப் பட்டியலும் உண்டு. ஊரார் எல்லாருக்கும் திறந்த மருத்துவமனை என்று மேடைகளில் முழங்குவார்கள். அங்கிருந்த கல்விச்சாலையினருக்கும் கோயில் பணியாளருக்கும் உரியது என்பதே கல்வெட்டிலிருந்து தெரிவது. பெருமைக்காக உண்மையை வளைக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது வேறு. இரவில் எரிய ஒரு விளக்குக்கு எண்ணெயும் அங்கே கணக்கில் ஏறியிருக்கிறது. இருட்டில் விழித்துக் கிடப்பவனின் அச்சத்தை நினைத்து எவரோ நிவந்தம் எழுதியிருக்கிறார்!

1867-இல் வடலூரில் வள்ளற்பெருமான் ஏற்றிய தருமச்சாலை அடுப்பைப் பற்றி இந்த மலரின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தவரை இன்னார் என்று கேட்காமல் இலை போட்டார் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.

சட்டத்தையும் தொட்டுச் செல்ல வேண்டும் என்பது குழுவினர் கட்டளை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் நோயாளிகளுக்கென 17 உரிமைகளை வகுத்தது. நோய் இன்னதென்று அறிதல், விளக்கம் பெற்று ஒப்புதல் தருதல், மந்தணம், மனித மாண்பு, ஆண் மருத்துவர் பெண்ணைப் பார்க்கையில் இன்னொரு பெண் உடனிருத்தல், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டல் முதலியன அதில் அடங்கும். மருத்துவரின் பணி நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்ததும் பலர் அறிந்ததே. அத்தீர்ப்பில் ஒரு விலக்கு உண்டு. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகவே மருத்துவம் பார்க்கும் இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது நம் நிலையத்துக்கு வரும் ஏழை நுகர்வோர் மன்றத்தின் படியேற முடியாது. காசு கொடுத்தவன் கோபிக்கலாம். காசு கொடாதவன், “ஏதோ சும்மாதானே பாக்கறாங்க” என்று தனக்குள் விழுங்கிக்கொள்வான். சட்டம் பாராத அந்த இடத்தை யார் பார்ப்பது?

இளைஞர்களே, தொண்டர்களே, அன்பர்களே! வருகிறவரின் பெயரைச் சொல்லி அழையுங்கள். “அந்தச் சுகர் பாட்டி”, “மூலக்காரர் யாருப்பா?” என்னும் கூவல் நம் கூடத்தில் கேட்கலாகாது. என்ன மாத்திரை, எதற்கு, எத்தனை நாள் என்று எழுத்தறியாதவருக்கும் விளங்கும்படி சொல்லுங்கள். இரண்டாம் முறை கேட்டால் இரண்டாம் முறையும் சொல்லுங்கள்.

குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். சீட்டு எழுதும் மேசைக்கு நேர் எதிரே கிடக்கும் நீளப் பெஞ்சைச் சுவரோரம் தள்ளிப் போட வேண்டும். மேசைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு திரை வேண்டும். விழாவில் எனக்கென்று பொன்னாடை வாங்க எண்ணியிருந்தால், அந்தத் தொகையைத் திரைத் துணிக்கு எடுத்துக்கொள்ளட்டும். போதாததை நான் போடுகிறேன். எத்தனை மீட்டர் வேண்டுமென்று கம்பவுண்டர் அளந்து சொல்ல வேண்டும்.