பரிவின் எல்லை: ‘கத்தவா ஷோஜோ’ விளையாட்டும் ஆடுநர் ஏற்பும்

கணினி விளையாட்டுகளை எடுத்துரைப்பு ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் தமிழ்த்துறைகளில் இன்றும் தயக்கம் உண்டு. விளையாட்டு என்றதும் ஓட்டமும் துப்பாக்கியும் நினைவுக்கு வருவது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயின், தொடக்கம் முதல் இறுதிவரை எழுத்தைப் படித்துக்கொண்டே செல்லவேண்டிய விளையாட்டு வகை ஒன்று ஜப்பானில் 1990களில் நிலைபெற்றது. திரையில் பின்புலப் படமும் கதைமாந்தரின் உருவமும் தோன்றும். கீழே உரையாடலும் தலைவனின் மனவோட்டமும் எழுத்தாக ஓடும். ஆங்காங்கே இரண்டு அல்லது மூன்று தெரிவுகள் முன்வைக்கப்படும். ஆடுநர் தெரிவுசெய்வதற்கு ஏற்பக் கதை கிளைக்கும். இதனை விஷுவல் நாவல் என்பர். இதனோடு நெருங்கிய உறவுடையது டேட்டிங் சிமுலேஷன் எனப்படும் காதல் விளையாட்டு.

இவ்வகையைச் சார்ந்து 2012 ஜனவரி 4ஆம் நாள் வெளியான ‘கத்தவா ஷோஜோ’ என்னும் விளையாட்டையும், அதனை ஆடியோர் எதிர்கொண்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. உடற்குறையுடைய மாணவர்க்கான யமாக்கு என்னும் கற்பனைப் பள்ளியே இதன் களம். தலைப்பிலுள்ள ‘ஷோஜோ’ சிறுமி அல்லது இளம்பெண் எனப் பொருள்படும். ‘கத்தவா’ உடற்குறையுடையோரை இழித்துரைக்கும் பழைய வசைச்சொல். ஒற்றைச் சக்கரம் என்று பொருள்தரும் எழுத்துகளாலும் அதனை எழுதுவர். வசைச்சொல்லைத் தலைப்பாகக் கொண்ட ஒரு படைப்பு, உடற்குறையுடையோரை உள்ளடக்கிய படைப்பாகப் போற்றப்பட்டது எவ்வாறு என்பதே இங்கு எழும் முதல் வினா.

இவ்வகையின் மரபை ஓரளவு அறிந்தாலன்றி இவ்வினாவை அணுக இயலாது. 1992இல் எல்ஃப் நிறுவனம் வெளியிட்ட ‘தோக்யூசெய்’ இதன் தொடக்க வடிவங்களுள் ஒன்று. 1994 மே மாதம் கொனாமி வெளியிட்ட ‘தொக்கிமெக்கி மெமோரியல்’ இலக்கணம் வகுத்த படைப்பு எனலாம். அதில் ஆடுநர் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவன். மூன்றாண்டுப் பள்ளி வாழ்வில் படிப்பு, உடற்பயிற்சி, கலை முதலியவற்றுக்கு நாள்களைப் பங்கிட்டு மதிப்பெண் சேர்க்கிறான். பழகிய பெண்ணை நெடுநாள் புறக்கணித்தால் அவள் மனக்கசப்பு வெடிகுண்டு உருவாகத் திரையில் தோன்றும். அது வெடித்தால் பிற பெண்களிடமும் அவன் பெயர் கெடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் பட்டமளிப்பு நாளில் பள்ளி வளாகத்து மரத்தடியில் ஒருத்தி தன் காதலைச் சொல்வாள். கவனிப்பு என்பது கூட்டிக் கழித்துச் சேமிக்கக்கூடிய ஒரு முதல் என்ற பழக்கத்தை இவ்விளையாட்டு ஆடுநரிடம் வளர்த்தது. அதே 1994 ஜூனில், எல்லாக் குழந்தைகளையும் பொதுப்பள்ளியில் உள்ளடக்கும் கல்வியை வலியுறுத்திய சலமங்கா அறிக்கை வெளிவந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அக்காலப் பள்ளிக் காதல் விளையாட்டுகளின் வகுப்பறைகளில் சக்கர நாற்காலிக்கு இடமில்லை என்பது குறிக்கத்தக்கது.

உடல்நலிவு மட்டும் வேறொரு வழியாக உள்ளே வந்தது. கீ நிறுவனத்தின் ‘கனோன்’ (1999), ‘ஏர்’ (2000) ஆகியன ஆடுநரை அழவைப்பதையே நோக்கமாகக் கொண்ட துணைவகையை வளர்த்தன. அவற்றில் தலைவியின் நோய் அவளது நாள்களை எண்ணும் கருவியாக, ஆடுநரின் கண்ணீரை வரவழைக்கும் உத்தியாக நின்றுவிடுகிறது. நோயோடு வாழ்தல் என்பது அங்குப் பேசப்படுவது குறைவு.

‘கத்தவா ஷோஜோ’ தோன்றிய விதம் நம்பிக்கை தருவதன்று. ரய்த்தா என்னும் புனைபெயருடைய ஜப்பானிய ஓவியர் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தாமே வெளியிட்ட தொகுப்பொன்றின் பின்னிணைப்பில், இத்தகைய விளையாட்டு ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என ஒரு பக்க ஓவியம் வரைந்திருந்தார். 2007 ஜனவரியில் அது ஃபோர்சான் என்னும் ஆங்கில இணையத்தளத்தில் வலம்வந்தது. நாகரிகமற்ற கேலிக்குப் பெயர்பெற்ற இடம் அது. அங்குக் கூடிய ஆர்வலர் சிலர் பல நாடுகளிலிருந்து ஃபோர் லீஃப் ஸ்டூடியோஸ் என்னும் பெயரில் இணைந்து, ஊதியமின்றி ஐந்தாண்டுகள் உழைத்தனர். முதற்பகுதி 2009 ஏப்ரல் 29இல் முன்னோட்டமாக வந்தது. முழு வடிவம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. மூலமொழி ஆங்கிலம்; ஜப்பானிய வடிவமே மொழிபெயர்ப்பு. ஐந்து தலைவியர் கதைகளையும் ஐவர் தனித்தனியே எழுதினர். நடையும் தரமும் கதைக்குக் கதை ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம்.

உடற்குறையை இச்சைப் பொருளாக்கும் கேலியாகவே இது முடியும் என்பது வெளியீட்டுக்கு முன் நிலவிய எதிர்பார்ப்பு. அந்த ஐயத்திற்கு இடமில்லை எனக் கூறவியலாது. உடலுறவுக் காட்சிகள் படைப்பில் உள்ளன, அவற்றை மறைத்துவிட்டு ஆடும் ஏற்பாடும் உண்டு. ஆயினும் ஆடிய பலர் வியப்போடு பேசியது எழுத்தின் நிதானத்தைப் பற்றியே. ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் கூறிய ‘எதிர்பார்ப்பு எல்லை’ என்னும் கருத்தாக்கத்திற்கு இதைவிடத் தெளிவான சான்று அண்மைக்கால வெகுமக்கள் படைப்புகளில் அரிது. கேலியை எதிர்பார்த்து வந்தவரிடம் மதிப்பை எதிர்பார்க்கும் எழுத்து வந்து சேர்ந்தது.

கதையின் தொடக்கமே மரபைத் தலைகீழாக்குகிறது. ஹிசாவோ என்னும் மாணவனை வகுப்புத் தோழி ஒருத்தி கடிதம் எழுதி அழைக்கிறாள். பனிபடர்ந்த மரங்களுக்கிடையே அவள் காதலைச் சொல்லும் தறுவாயில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறான். ‘தொக்கிமெக்கி மெமோரியல்’ எந்த மரத்தடியில் முடிந்ததோ அதையொத்த இடத்தில் இக்கதை தொடங்குகிறது. இதயத் துடிப்புச் சீர்கேடு எனக் கண்டறியப்பட்டு மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்கிறான். பார்க்க வந்த தோழி மெல்ல வருவதை நிறுத்துகிறாள். பின்னர் யமாக்குப் பள்ளிக்கு அனுப்பப்படும்போது, தான் இவர்களுள் ஒருவன் அல்லன் என்ற எண்ணத்தோடே நுழைகிறான். ஆடுநர் அவன் கண்வழியே பிறரைப் பார்க்க நேர்கிறது. வெளியிலிருந்து இரங்கும் பார்வை, உள்ளே சேர்க்கப்பட்ட ஒருவனின் பார்வையாகவே தரப்படுகிறது என்பதே இப்படைப்பின் அடிப்படை அமைப்பு. உடற்குறையுள்ள மாந்தர் பலரைத் திரையில் நிறுத்தியதைவிட இவ்வமைப்பே அதனை உள்ளடக்கும் படைப்பாக்குகிறது என்பது என் கருத்து.

முழங்காலுக்குக் கீழ் இருகால்களையும் இழந்து செயற்கைக் கால்களால் ஓடும் எமி, கைகளின்றிக் காலால் ஓவியம் தீட்டும் ரின், பார்வையற்ற லில்லி, செவிப்புலனற்ற மாணவர் மன்றத் தலைவி ஷிசுனே, தீக்காயத் தழும்புகளுடைய ஹனாக்கோ ஆகியோர் ஐந்து கதைகளின் தலைவியர். இவர்களுள் ஷிசுனேயின் பேச்சு ஆடுநருக்கு மிஷா என்னும் தோழி வழியாகவே முதலில் கிடைக்கிறது. ஷிசுனே சைகையில் சொல்வதை மிஷா உரத்த குரலில், தன் இயல்புக்கேற்ற குதூகலத்தோடு சொல்கிறாள். அகப்பாடல் பயின்ற நமக்குத் தோழி கூற்று புதிதன்று. தலைவி சொல்லாததைத் தோழி சொல்வாள். சொல்லும்போது தன் சொல்லையும் கலப்பாள். ஹிசாவோ சைகைமொழி கற்ற பின்னரே மிஷாவின் குரலுக்கும் ஷிசுனேயின் சொல்லுக்கும் உள்ள இடைவெளி வெளிப்படுகிறது. இக்கதையில் தெரிவு ஒன்றே ஒன்றுதான் என்பது ஆடுநர் பலரின் குறை. அக்குறை நேர்மையானதே.

ஆடுநர் ஏற்பை ஆராய்வதற்கு மிகவும் பொருந்துவது ஹனாக்கோவின் கதை. கூச்சமும் அச்சமும் மிக்கவள். வகுப்பிலிருந்து விலகி நூலகத்தில் ஒதுங்குபவள். லில்லியின் அரவணைப்பில் வாழ்பவள். ஹிசாவோவோடு சதுரங்கம் ஆடுவதில் சிறிது சிறிதாக நெருங்குகிறாள். லில்லி ஸ்காட்லாந்து செல்ல நேரும்போது ஹனாக்கோ தன் அறைக்குள் அடைபடுகிறாள். இவ்விடத்தில் காதல் விளையாட்டு மரபில் ஊறிய ஆடுநர் செய்வது என்ன என்பதை எளிதில் ஊகிக்கலாம். புறக்கணிப்புக்கு வெடிகுண்டு தண்டனை என்று கற்றவர் அவர். ஆதலின் மேலும் கவனிக்கிறார், மேலும் விசாரிக்கிறார், கதவைத் தட்டுகிறார். படைப்போ அந்தக் கவனிப்பையே பிழையாகக் கணக்கிடுகிறது. விடாது காக்க முற்படும் தெரிவுகள் ஹனாக்கோ வெடித்தெழும் முடிவுக்கு இட்டுச் செல்கின்றன. தன்னை ஒன்றுக்கும் ஆகாத குழந்தையாக அவனும் லில்லியும் நடத்தியதாகக் கதறி அவனை வெளியேற்றுகிறாள். அவள் தனிமைக்கு இடம்விட்ட ஆடுநருக்கே வேறு முடிவு கிட்டுகிறது. அங்கு ஹிசாவோ தன் மார்பிலுள்ள அறுவைத் தழும்பைக் காட்ட, அவள் தன் தழும்புகளைக் காட்டுகிறாள். அதன் பின்னும் அவன் தன்னைக் காக்கப்பட வேண்டியவளாகவே எண்ணுகிறானோ என்னும் ஐயம் அவளுக்குத் தீர்வதில்லை. நெருக்கம் நேர்ந்துவிட்டதாலேயே சமநிலை வந்துவிடவில்லை என்று கதை சொல்கிறது.

இப்படைப்பைச் சுற்றி எழுந்த பேச்சில் ஹனாக்கோ பெற்ற இடம் பெரிது. அவளைக் காக்கவேண்டும், அணைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஆடுநர் பலர் மீண்டும் மீண்டும் வெளியிட்ட விருப்பம். ஒரு கட்டத்தில் அது நகைச்சுவைத் தொடராகவே ஆகிவிட்டது. எந்த மனப்பான்மையைத் துயர முடிவால் கண்டித்ததோ, அதே மனப்பான்மையே அவளை அதிகம் விரும்பப்பட்ட தலைவியருள் ஒருத்தியாக்கியது. ஆடுநர் கதையைத் தவறாகப் படித்தனர் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. தவறு எங்கே நேர்ந்தது என்று தெரிந்துகொண்டு, திரும்ப ஆடி, நல்ல முடிவைப் பெற்றவர்களும் அவ்வாறே பேசினர். காக்க விரும்புவது தவறு என்று அறிந்தபின்னும் அவ்விருப்பம் எஞ்சுகிறது. அவளது சுருங்கிய தோள்களையும் தடுமாறும் பேச்சையும் திரும்பத் திரும்பத் திரையில் வைத்துப் பரிவைத் தூண்டுவதும் இதே படைப்புத்தான். தூண்டிவிட்டுத் தண்டிக்கும் இம்முரண், என் பார்வையில், குறையும் வலிமையுமாக ஒருங்கே நிற்கிறது.

எமியின் கதைக்குக் கிடைத்த எதிர்வினை வேறு வகையது. இதயநோயுள்ள ஹிசாவோவை நாள்தோறும் காலையில் தன்னோடு ஓடவைப்பவள் அவள். இக்கதையை ஆடியபின் தாமும் ஓடத் தொடங்கியதாகக் கூறியோர் பலர். படைப்பு வாழ்வில் விளைத்த நன்மை என இதனைக் கொண்டாடுவது இயல்பு. எனினும் கால் இழந்த ஒருத்தியின் ஓட்டம் கால் உள்ளவர்க்கு ஊக்க மருந்தாகிவிடும்போது, தந்தையைப் பறித்த விபத்தின் துயரை எவரோடும் பகிர மறுக்கும் எமி பின்னுக்குத் தள்ளப்படுகிறாள். அக்கதையின் மையம் அந்த மறுப்பே.

உடற்குறையுடைய ஆடவர் நிலையும் கருதத்தக்கது. பார்வை மிகக் குன்றிய கென்ஜி, பெண்ணியச் சதி பற்றிப் புலம்பும் நகைப்புப் பாத்திரம். எத்தலைவியையும் நெருங்காத ஆடுநருக்குக் கிடைப்பது கென்ஜியோடு மாடியில் குடித்து, கீழே விழுந்து இறக்கும் முடிவு. வெளித்தெரியும் குறை பெண்ணிடம் இருந்தால் காதலுக்குரியது, ஆணிடம் இருந்தால் நகைப்புக்குரியது என்னும் பங்கீடு இதனுள் இருக்கிறது. மருதக்கலியில் (கலித்தொகை 94) கூனியும் குறளனும் ஒருவரையொருவர் எள்ளியும் நயந்தும் உரையாடும் பாடல் இங்கு நினைவுக்கு வருகிறது. அவர்தம் காமம் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்து எண்ணப்பட்டது. முழுமையான உடலே தலைமைக்கு உரியது என்னும் வழக்கு பல மரபுகளுக்கும் பொது. ‘கத்தவா ஷோஜோ’ அதனைப் பெண்கள் அளவில் தளர்த்தி, ஆண்கள் அளவில் பெரிதும் விட்டுவைத்தது. ஹிசாவோவின் குறை வெளியே தெரியாத இதயக்குறை என்பது தற்செயல் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

களத்தைக் குறித்தும் ஒரு தடை உண்டு. யமாக்கு ஒரு தனிப்பள்ளி. சைகைமொழி கற்கவந்த மிஷாவைப் போன்றோர் உள்ளனரேனும் அடிப்படையில் அது பிரித்துவைக்கும் ஏற்பாடே. ஐக்கிய நாடுகள் அவையின் உடற்குறையுடையோர் உரிமைக்குழு 2022 செப்டம்பரில், பிரித்துவைக்கும் சிறப்புக் கல்வியைக் கைவிடுமாறு ஜப்பானுக்குப் பரிந்துரைத்தது. பிற்காலத்துப் பள்ளிக் காதல் விளையாட்டுகள் வேறு பாதை சென்றன. ஸ்பெயினில் உருவான ‘மான்ஸ்டர் பிராம்’ (2018), ஆடுநர் தமக்குரிய பிரதிப்பெயரைத் தாமே தெரிவுசெய்யவும், பால் வேறுபாடின்றி எவரையும் காதலிக்கவும் இடம் தருகிறது. அத்தெரிவு தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது; அதன்பின் கதைக்குள் அது எவரையும் உறுத்துவதில்லை. அந்த எளிமை வரவேற்கத்தக்கதே. ஹனாக்கோ கதை ஆடுநரைத் துன்புறுத்துவது போல அது துன்புறுத்துவதில்லை என்பதும் உண்மை.

2024இல் இவ்விளையாட்டு ஸ்டீம் விற்பனைத் தளத்திலும் அதே தலைப்போடு வெளியிடப்பட்டது. ஜப்பானில் 1980களின் தொடக்கத்திலேயே உடற்குறையுடையோரை இழித்துரைக்கும் சொற்கள் சிலவற்றைச் சட்டநூல்களிலிருந்து நீக்கிவிட்டனர். தமிழ்நாட்டில் 2010 முதல் ‘மாற்றுத்திறனாளி’ என்பது அரசு வழக்காயிற்று. இப்படைப்பு தமிழாக்கம் பெறுமாயின் தலைப்பின் முதற்சொல்லுக்கு அந்த அரசுவழக்கு பொருந்தாது. தெருவில் இன்றும் காதில் விழும் வசைகளுள் ஒன்றையே எடுக்கவேண்டிவரும். ஹிசாவோ பள்ளி வாயிலில் நிற்கும்போது, எந்தச் சொல் தன்மேல் விழுந்துவிடக்கூடாது என்று அஞ்சுகிறானோ அந்தச் சொல்லாகவும் அது இருக்கவேண்டும்.