ஆசிரியர் கிடைக்காத பாடம்

ஒரு கல்லூரியில் புதிய துறை தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் எழுப்பலாம், கருவிகளை விலைக்கு வாங்கலாம். ஆனால் அந்தப் பாடத்தைக் கற்றவர்களே நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள் என்றால், ஆசிரியருக்கு எங்கே போவது? 1960-களில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் போதை மருந்துப் பழக்கம் பற்றிய ஆராய்ச்சி இந்த நிலையில்தான் இருந்தது.

இதற்குக் காரணம் ஒரு சட்டம். 1914-ஆம் ஆண்டில் வந்த ஹாரிசன் சட்டம், அபினையும் அதிலிருந்து எடுக்கப்படும் மருந்துகளையும் கையாளும் மருத்துவர்கள் பதிவு செய்துகொண்டு கணக்கு வைக்க வேண்டும் என்றுதான் சொல்லிற்று. ஆனால், பழக்கத்திற்கு அடிமையானவருக்கு அப்பழக்கத்தைத் தொடர்வதற்காகவே மருந்து தருவது மருத்துவம் ஆகாது என்று 1919-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. விளைவை நீங்களே ஊகிக்கலாம். அந்த நோயாளி வாசற்படி ஏறினாலே மருத்துவர் அஞ்சினார். நோயாளி இல்லாத இடத்தில் மாணவனுக்குப் பாடம் ஏது?

எஞ்சியிருந்த ஒரே பெரிய பள்ளி, கெண்டக்கி மாநிலத்தின் லெக்ஸிங்டனில் 1935-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவமனை. பாதி சிறை, பாதி மருத்துவமனை! அங்கே ஏபிரகாம் விக்ளர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு விந்தையைக் கண்டார். மருந்தை விட்டுப் பல மாதங்கள் ஆனவர்கள், கூடி உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே கொட்டாவி விட்டார்கள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. மணியோசை கேட்டு எச்சில் ஊறிய பாவ்லவின் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். பழக்கம் உடலைவிட்டு அகன்ற பின்னும் சூழ்நிலை அதை நினைவூட்டுகிறது என்று விக்ளர் கருதினார்.

1966-இல் சிகாகோ பல்கலைக்கழக உளமருத்துவத் துறைக்குத் தலைவரானார் டேனியல் ஃப்ரீட்மன். எல்எஸ்டி என்ற மருந்து மூளையில் செரட்டோனின் அளவை மாற்றுவதை 1961-இல் காட்டியவர் அவர். ஆகவே போதை மருந்தை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அவர் துறைக்கு வந்தவர்களில் ஒருவர் ஜெரோம் ஜாஃபி. லெக்ஸிங்டனில் பயிற்சி பெற்றவர். மருந்தியல் மாணவர்கள் அனைவரும் புரட்டும் குட்மன்–கில்மன் பாடநூலின் 1965-ஆம் ஆண்டுப் பதிப்பில் போதைப் பழக்கம் பற்றிய அத்தியாயத்தை எழுதியவர். அடுத்து, 1968-இல் சார்லஸ் ஷுஸ்டர் வந்தார். இவர் மருத்துவரே அல்லர், உளவியலாளர். ட்ராவிஸ் தாம்ஸனுடன் சேர்ந்து 1964-இல் இவர் வெளியிட்ட சோதனையில், குரங்குகள் நெம்புகோலை அழுத்தித் தம் நரம்புக்குள் தாமே மார்ஃபினைச் செலுத்திக்கொண்டன.

“மனவுறுதி இல்லாதவன்தானே சார் குடிக்கிறான்?” என்று என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டதுண்டு. அவன் தந்தையைப் பற்றித்தான் கேட்கிறான் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. அன்று எனக்கு இந்தக் குரங்குகளைப் பற்றித் தெரியாமல் போயிற்று. குரங்கிடம் ஒழுக்கக்கேட்டைக் காண முடியுமா?

ஜாஃபி இல்லினாய் மாநிலத்திற்கென ஒரு சிகிச்சைத் திட்டத்தை உருவாக்கினார். டோல், நிஸ்வாண்டர் என்ற இருவரும் 1965-இல் அறிவித்த மெதடோன் சிகிச்சை, மருந்தில்லாக் குடியிருப்பு எனப் பல வழிகளை ஒரே குடையின்கீழ் வைத்தார். பழக்கத்திலிருந்து மீண்டவர்களையே ஊழியர்களாகவும் அமர்த்தினார்.

1971-இல் வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பரவிவிட்டதென்ற செய்தி வாஷிங்டனை உலுக்கியது. அவ்வாண்டு ஜூனில் அதிபர் நிக்ஸன் ஜாஃபியை அழைத்து நாடு தழுவிய பொறுப்பைக் கொடுத்தார். அப்போது ஜாஃபிக்கு வயது 37. நாடு திரும்பும் வீரர்களின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. இயற்பியல் ஆசிரியனான எனக்கு இங்கே சற்று நிற்காமல் போக மனமில்லை. இச்சோதனைக்குப் பயன்பட்ட கருவி, எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வு அடிப்படையிலானது! இணையில்லாத எலெக்ட்ரான் ஒன்றைத் தாங்கிய அடையாளத் தொகுதியை மார்ஃபின் மூலக்கூறில் ஒட்டி, அதை ஓர் எதிர்ப்பொருளுடன் பிணைத்து வைப்பார்கள். பெரிய எதிர்ப்பொருளில் மாட்டிக்கொண்ட மூலக்கூறு மெதுவாகவே புரளும். எனவே நிறமாலைக் கோடுகள் அகன்று மங்கலாகத் தெரியும். சிறுநீரில் மார்ஃபின் இருந்தால் அது அடையாளமிட்ட மூலக்கூறை வெளியே தள்ளி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விடுபட்டது வேகமாகப் புரளும், கோடுகள் கூர்மையாகும். பேருந்தில் இருக்கைக்கு நடக்கும் போட்டிதான்!

திரும்பிய வீரர்களைப் பின்தொடர்ந்து ஆராயும் பணியை, செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக உளமருத்துவத் துறையைச் சேர்ந்த லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளரிடம் ஜாஃபியின் அலுவலகம் ஒப்படைத்தது. வியட்நாமில் வீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். ஆனால் அவ்வாறு அடிமையானவர்களில், நாடு திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காடே. பலர் இதை நம்ப மறுத்தார்கள். சூழ்நிலை பற்றி விக்ளர் சொன்னது இங்கே உங்கள் நினைவுக்கு வரக்கூடும்.

ஃப்ரீட்மன் திரட்டிய துறையிலிருந்து ஆட்கள் இப்படி வெளியே போய்க்கொண்டே இருந்தார்கள். ஷுஸ்டரும் 1986-இல் தேசிய போதைப் பழக்க ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகி, 1992 வரை அப்பதவியில் இருந்தார். மற்றக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் வேண்டுமே! 1972-இல் கூட்டரசு ஒரு திட்டம் தொடங்கிற்று. தேர்ந்தெடுத்த மருத்துவக் கல்லூரிகளில், மதுவும் போதை மருந்தும் பற்றிக் கற்பிக்க ஓர் ஆசிரியருக்கு ஊதியத்தை அரசே ஏற்றது. அப்படிச் சேர்ந்தவர்கள் தத்தம் கல்லூரியில் தனியாகவே இருந்தார்கள். அதனால் 1976-இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.