புதுச்சேரியின் வழிபாட்டுத் திருவுருவங்கள்

புதுச்சேரியில் மக்கள் கும்பிட்டுவரும் திருமேனிகள், சின்னங்கள், அடையாளங்கள் ஆகியவற்றின் வரலாற்றை அந்நகரத்தின் அரசியல் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 1670-களில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே காலூன்றியபோது வேதபுரீஸ்வரர் கோவிலில் பூசை நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இயேசு சபைப் பாதிரிமார் தங்கள் தேவாலயத்தைக் கட்டிக்கொண்டனர். மதிலுக்கு இருபுறமும் இரண்டு வழிபாடுகள் நடந்தன. உரசல் அங்கேயே தொடங்கியது.

கோவில் விழாக்களுக்குத் தடை போட வேண்டும் என்று பாதிரிமார் ஆளுநர்களை நெருக்கினர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி ஒரு தடை வந்தபோது, ஊரைவிட்டே போய்விடுகிறோம் என்று மக்கள் கிளம்பினார்கள். நெசவாளரும் வணிகரும் போய்விட்டால் பிரெஞ்சு வணிகக் கம்பெனிக்கு ஏது வாழ்வு? நிர்வாகம் பணிந்தது.

ஆளுநர் துய்ப்ளே காலத்தில் அந்தப் பணிவு இல்லை. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் படை நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில் வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்டது. துய்ப்ளேயின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரான) ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். கட்டடம் விழுந்ததோடு நிற்காமல் மகாலிங்கம் காலால் உதைபட்டதையும், வாகனங்கள் உடைபட்டதையும் எழுதி வைத்தார். கல்லும் மரமும் என்று இகழப்பட்டவற்றை அவமதிக்க இத்தனை பேர் மெனக்கெட்டார்கள் என்றால், அவற்றின் ஆற்றலை இடித்தவர்களும் உணர்ந்திருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும். பதின்மூன்றே ஆண்டுகளில், 1761-ல், ஆங்கிலேயர் நகரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது பக்கத்துத் தேவாலயமும் தப்பவில்லை. இன்று சம்பா கோவில் என்று ஊரார் அழைக்கும் பேராலயம் பிறகு எழுந்தது. 1791-ல் அது அர்ச்சிக்கப்பட்டது. வேதபுரீஸ்வரரும் ஊர் மக்களின் நன்கொடையில் வேறிடத்தில் கோவில் கொண்டார்.

லிங்கத்துக்கு இழைத்த அவமதிப்பு மக்களை ஏன் அவ்வளவு வருத்தியது என்பதற்கு ஆகமங்களில் விடை உண்டு. சிற்பி வடித்து முடித்ததும் கல் கடவுளாகிவிடுவதில்லை. கண் திறந்து, கும்ப நீரில் இறையாற்றலை எழுந்தருளச் செய்து, அந்நீரால் நீராட்டிய பிறகே அது வழிபாட்டுக்குரிய திருமேனி. திருப்பணி நடக்கும்போது அந்த ஆற்றலைக் கும்பத்துக்கோ சித்திரம் தீட்டிய மரப்பலகைக்கோ மாற்றிப் பாலாலயம் அமைப்பார்கள். திருப்பணி முடியும்வரை கும்பமோ பலகையோதான் சுவாமி. உருவம் மாறலாம், பூசை அறுபடக் கூடாது.

ஓர் உருவத்துக்காக இன்னோர் உருவம் நிற்பதை மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனால் நேரில் காணலாம். மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் உட்படச் சுற்றுவட்டாரச் சுவாமிகள் தீர்த்தவாரி என்னும் நீராட்டுக்கு வந்து சேர்கிறார்கள். உற்சவத் திருமேனியின் பீடத்தைப் பட்டுத் துணி மறைத்திருக்கும். துணியை விலக்கினால் கழி செருகித் தூக்குவதற்கான துளைகளோ வளையங்களோ தெரியும். வீதிக்கு வருவதற்கென்றே வார்த்த திருமேனி அது. சிவாலயத் தீர்த்தவாரியில் நீரில் மூழ்குபவர் அஸ்திரதேவர். சூல வடிவான ஒரு சின்னம் சுவாமியின் சார்பில் நீராடுகிறது.

கத்தோலிக்கரும் தங்கள் திருவுருவங்களை மண்ணின் வழக்கத்தில்தான் கொண்டாடுகிறார்கள். நகரை அடுத்த வில்லியனூர் மாதா சொரூபம் 1877-ல் பிரான்சிலிருந்து வந்தது. ஆலயத்துக்கு எதிரே தெப்பக்குளம்போல ஒரு குளம், திருவிழாவுக்குத் தேர்ப்பவனி. அதே வில்லியனூரில் திருக்காமீஸ்வரர் கோவில் தேரைப் பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் பிடித்துத் தொடங்கி வைத்தனர். இன்றும் துணைநிலை ஆளுநர்கள் அந்த மரபைத் தொடர்கிறார்கள். துய்ப்ளே இடித்த கோவிலை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது விளங்கும்.

உருவமில்லா வழிபாட்டுக்கும் இங்கே அடையாளங்கள் உண்டு. மீராப்பள்ளி போன்ற பள்ளிவாசல்களில் மிஹ்ராப் மாடம் மக்காவின் திசையைக் காட்டுகிறது. அரவிந்தர் ஆசிரமத்தில் கருவறையோ விக்கிரகமோ இல்லை. மலர் பரப்பிய சமாதியும், நடுவட்டத்தைச் சுற்றி நான்கு இதழ்களும் வெளியே பன்னிரண்டு இதழ்களும் கொண்ட, அரவிந்தரின் ஆன்மிகத் துணைவரான அன்னையின் சின்னமுமே அன்பர்களின் தியானத்துக்குத் துணை.

திருவுருவங்களை அறிவுத்துறையாகப் பயின்றதிலும் இந்நகரத்துக்குப் பெரும் பங்குண்டு. இங்கே ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் 1914-ல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலின் ஒரு தொகுதி முழுவதும் தெய்வ வடிவங்கள் பற்றியது. 1955-ல் ழான் ஃபில்லியோசா நிறுவிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓலைச்சுவடிகளைத் திரட்டியது. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. அந்நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய்க் கோவில்களையும் திருமேனிகளையும் எடுத்த படங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

ஆய்வுக்காக எடுத்த இந்தப் படங்கள் பின்னாளில் களவு வழக்குகளில் சாட்சியாயின. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோவிலில் திருடப்பட்ட சோழர் கால நடராசரை, நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம். 1994-ல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அதே கோவிலில் எடுத்திருந்த படத்தோடு ஒப்பிட்டபோது குட்டு உடைந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லியில் நடராசரை ஒப்படைத்தார். ஆனாலும் நடராசரால் உடனே ஊருக்குத் திரும்ப முடியவில்லை. கும்பகோணத்திலுள்ள திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்கே கொண்டுபோகப்பட்டார்.

1994-ல் எடுத்த அந்த ஒரு படம் இல்லாதிருந்தால் நடராசர் ஸ்ரீபுரந்தனைச் சேர்ந்தவர் என்று நிறுவுவது பெரும்பாடாகியிருக்கும். படமே எடுக்கப்படாத சிறு கோவில்கள் இன்னும் எத்தனையோ. உங்கள் ஊர்க் கோவிலின் திருமேனிகள் ஒவ்வொன்றையும் அறங்காவலர் அனுமதியோடு படமெடுத்து, உயரமும் பீட அளவும் குறித்துப் பட்டியலிட்டு வையுங்கள்.