மதுரைச் சீமையில் மக்கள் கணக்கு

ஒரு வட்டாரத்தில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, அவற்றில் எத்தனை ஒரு வயதைத் தாண்டின, பெண்களில் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும், எத்தனை வீடுகளுக்குக் குடிநீர் வருகிறது என்ற விவரங்களையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, வேண்டியவர் எடுத்துப் பார்க்கும்படி வைக்கும் மென்பொருள்கள் பிற்காலத்தில் வந்தவை. யுனிசெஃப் 1995இல் கொண்டுவந்த சைல்டுஇன்ஃபோவும், அதிலிருந்து வளர்ந்து 2004இல் வெளியான டெவ்இன்ஃபோவும் அவற்றில் முக்கியமானவை. ஆனால் அவற்றுக்குள் போய்ச் சேரும் எண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே ஊர்களில் எழுதப்பட்டு வந்தன. மதுரைச் சீமையில் அந்த எழுத்துக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. எண்ணியவர் யார், யாருக்காக எண்ணினார் என்பது அந்த வரலாற்றில் காலத்துக்குக் காலம் மாறியது.

தொடக்கத்தில் கணக்கு என்றால் நிலக்கணக்குதான். எந்தப் புலத்தில் என்ன விளைந்தது, யார் எவ்வளவு தீர்வை கட்ட வேண்டும் என்பதை ஊர்க் கணக்கரான கர்ணம், அடங்கல் என்ற ஏட்டில் எழுதினார். ஆண்டுக்கொரு முறை ஜமாபந்தி என்ற தணிக்கையில் அதிகாரி அதைச் சரிபார்த்தார். மனிதத் தலைகள் அந்த வேலையின் ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. சென்னை மாகாணத்தில் 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை குடிமக்கள் தொகை எடுக்கப்பட்டது. 1868இல் ஜே.எச். நெல்சன் வெளியிட்ட மதுரைச் சீமை குறித்த கையேடும், 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவரச் சுவடியும் அந்தக் கணக்குகளின் மேல் எழுந்தவை. 1901 கணக்குப்படி மதுரை நகரில் இருந்தவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர். பிறப்பும் இறப்பும் ஊர் அதிகாரியின் ஏட்டில் பதிவாயின. அந்த ஏடுகள் தாலுகா கச்சேரிக்குப் போயின. ஊருக்குத் திரும்பி வந்த சேதி ஏதும் இல்லை.

பதிவேடு மனிதரை ஒடுக்கும் கருவியாகவும் ஆகலாம் என்பதை உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரம் தன் உடம்பில் அறிந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் 1910களில் பிரமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகையோடு பதிவு செய்யப்பட்டார்கள். பதிவானவர் இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ஒருவர் செய்த தவறுக்காக அல்ல, பிறந்த சாதிக்காக அவர் பெயர் ஏட்டில் ஏறியது. இந்த ரேகைப் பதிவை எதிர்த்து 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. அந்தக் காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடக்கின்றன. அரசு ஏடு என்றாலே இந்த வட்டாரத்தில் எழும் அவநம்பிக்கைக்கு இவ்வளவு ஆழமான வேர் இருப்பதை, இங்கே கணக்கெடுக்க வரும் எவரும் மறக்கக் கூடாது.

சுதந்திரத்துக்குப் பின் கணக்கின் நோக்கம் மாறத் தொடங்கியது. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த காந்திகிராமத்தைச் சார்ந்து, ஆத்தூர் வட்டாரத்தில் 1959 முதல் சுகாதார ஆய்வுப்பணி நடந்தது. வீடு வீடாகப் போய்ப் பிறப்பு வீதத்தைக் கணக்கிட்டு, குடும்பநலச் சேவை ஊர்களில் என்ன மாற்றம் உண்டாக்குகிறது என்று தொடர்ந்து அளந்து பார்த்த முன்னோடி முயற்சிகளில் இது ஒன்று.

இதைவிட நெருக்கமாக மக்களின் கைக்கு எண்ணைக் கொண்டுவந்தது கொட்டாம்பட்டி. மேலூருக்கு வடக்கே, திருச்சி சாலையில், மானாவாரி நிலங்கள் சூழ்ந்த ஒன்றியம் அது. உலக வங்கிக் கடனில் தமிழக அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் முதலில் இங்கேதான் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போடுவது அதன் அடிப்படை வேலை. அதே ஊர்ப் பெண் ஒருவர் ஊட்டச்சத்துப் பணியாளராக நியமிக்கப்பட்டார். அவர் குழந்தையைத் தராசில் வைத்து, முள் நின்ற இடத்தைப் பார்த்து, வளர்ச்சி அட்டையில் அந்த மாதத்துக் கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பார்; போன மாதப் புள்ளியோடு அதைக் கோடிட்டு இணைப்பார். கோடு ஏறினால் குழந்தை வளர்கிறது. கிடையாக நின்றாலோ சரிந்தாலோ கவனம் வேண்டும். எழுத்தறியாத தாய்க்கும் அந்தக் கோடு புரிந்தது.

கோடு சரிந்த குழந்தையும் எடை மிகக் குறைந்த குழந்தையும் மட்டுமே சத்துணவுக்குச் சேர்க்கப்பட்டார்கள். தொண்ணூறு நாள் உணவு. அதன்பின் மறுபடியும் எடை. தேறினால் விடுவிப்பு, தேறாவிட்டால் மருத்துவமனை. பல ஊர்களில் அந்த உணவை மகளிர் குழுவினரே உருண்டையாகப் பிடித்துக் கொடுத்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் சோறிட்ட 1982ஆம் ஆண்டுச் சத்துணவுத் திட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: இங்கே எந்தக் குழந்தைக்கு எப்போது உணவு என்பதை மாதாந்தர எண் தீர்மானித்தது. ஊரில் எத்தனை குழந்தைகள், இந்த மாதம் எத்தனை பேருக்கு எடை பார்த்தது, எத்தனை பேர் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது மையத்துக்கு வெளியே பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைக்கப்பட்டது. அலுவலகக் கோப்புக்குள் போகும் முன்பே ஊரார் அதைப் பார்த்துவிட்டார்கள். இந்தப் பலகை அந்தத் திட்டத்தின் மிகப் பெரிய சாதனை என்று சொல்லத் தகும். 1980களின் முடிவுக்குள் திட்டம் மாநிலத்தின் ஊரக ஒன்றியங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் பரவியது. கடுமையான எடைக்குறைவு கணிசமாகக் குறைந்ததாக மதிப்பீடுகள் காட்டின. 1990களில் அது அங்கன்வாடி அமைப்போடு கலந்தது.

உசிலம்பட்டி 1986இல் மறுபடியும் செய்தியானது. பெண் சிசுக்கொலை பற்றி இந்தியா டுடே வெளியிட்ட கட்டுரை நாட்டையே உலுக்கியது. வரதட்சணைச் சுமைதான் அதன் பின்னணியில் முதன்மையாகப் பேசப்பட்டது. ஆனால் கொடுமை எவ்வளவு பரந்தது என்று சொல்ல அப்போது யாரிடமும் எண் இல்லை. பத்து ஆண்டு கழித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஏடுகளிலிருந்தே அந்த எண் கிடைத்தது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் சிசு மரணங்களைப் பதியும்போது, நோயால் நேராதவற்றைச் ‘சமூகக் காரணம்’ என்று எழுதியிருந்தார்கள். இந்திய ஆட்சிப்பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்தப் பதிவுகளை ஆண், பெண் என்று பிரித்துக் கூட்டிப் பார்த்து 1997இல் வெளியிட்டார்கள். மதுரையிலிருந்து வடக்கே சேலம், தருமபுரி வழியாக வட ஆர்க்காடு வரை தொடர்ந்து நீளும் ஒரு பகுதி அதில் துலங்கியது. ஆண்டுக்குச் சுமார் மூவாயிரம் சிசுக்கொலைகள் எனும் மதிப்பீடும் வந்தது. இதை ஓர் ஊருக்கு, ஒரு சாதிக்குரியது என்று ஒதுக்கிவிட இனி முடியவில்லை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிந்தது. யாரும் படித்துப் பார்க்காத ஏட்டில் உண்மையை உண்மையாக எழுதிவைத்த அந்தச் செவிலியர்களின் பங்கு பெரிது.

இத்தனை எண்களையும் ஒன்றுசேர்த்து ஒப்பிட முயன்றவர்களுக்கு முதலில் குறுக்கே நின்றது எல்லைக்கோடு. நெல்சன் எழுதிய மதுரையில் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்கள் அடக்கம். 1910இல் ராமநாதபுரம் தனி மாவட்டமானது. 1985இல் திண்டுக்கல் பிரிந்தது. 1990களில் தேனி பிரிந்தது. ஆகவே 1981இன் மதுரையும் 2011இல் முப்பது லட்சம் பேர் வாழ்ந்த மதுரையும் ஒன்றல்ல. கர்ணம் பதவியும் 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஏட்டின் வடிவமும் மாறியது.

டெவ்இன்ஃபோ போன்ற தரவுத்தளம் கைகொடுத்தது இங்கேதான். அதில் ஓர் எண் தனியாக நுழைய முடியவில்லை. அது எதன் அளவு, எந்த அலகில், எந்தப் பிரிவினருக்கு (ஆண், பெண், நகரம், கிராமம்), எந்த இடத்துக்கு, எந்த ஆண்டுக்கு, எந்த மூலத்திலிருந்து என்ற விவரங்களோடுதான் அது உள்ளே வந்தது. இவை கேட்கப்பட்டுவிட்டதால், ‘மதுரையின் சிசு மரண வீதம்’ என்று எங்கோ படித்த எண்ணை இன்னொன்றோடு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடும் தவறு குறைந்தது. 2000இல் ஐ.நா. வகுத்த புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகளைக் கண்காணிக்கவே இது உலகெங்கும் பரப்பப்பட்டது. உரிமத் தொகை இல்லாமல் வழங்கப்பட்டதால் பல நாட்டு அரசுகள் தம் பெயரில் பதிப்புகள் அமைத்துக்கொண்டன. இந்தியாவும் தன் பதிப்பை வைத்தது. மாவட்டங்களை எண்களால் ஒப்பிடும் வேலை இங்கும் நடந்தது. தமிழ்நாட்டு அரசு 2003இல் மனித மேம்பாட்டு அறிக்கை வெளியிட்டு மாவட்டங்களை வரிசைப்படுத்தியபோது சென்னை முதலிடத்திலும் தருமபுரி கடைசியிலும் நின்றன.

இன்று ஓட்டம் வேறு திசையில் இருக்கிறது. 2008 முதல் தமிழகத்தில் ஒவ்வொரு கர்ப்பிணியும் பிக்மி எனும் இணையப் பதிவில் சேர்க்கப்படுகிறார். ‘பிக்மி நம்பர் வாங்கியாச்சா?’ என்பதுதான் மதுரை வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணியிடம் கேட்கும் கேள்வி. அந்த எண் இல்லாமல் மகப்பேறு உதவித்தொகை வராது. கொட்டாம்பட்டிப் பலகையில் ஊர்க்கணக்காக நின்ற எண், பெயரும் கைப்பேசி எண்ணும் உள்ள தனிப்பதிவாக மாறிவிட்டது. மாவட்ட அளவிலும் எண் இணையத்துக்குப் போயிற்று. 2018இல் மத்திய அரசு, பின்தங்கியவற்றை முன்னேற்ற ‘வளர்ச்சி வேட்கை மாவட்டங்களை’ அறிவித்தபோது, தமிழகத்தில் தேர்வானவை ராமநாதபுரமும் விருதுநகரும். இரண்டும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதிகள். சுகாதாரம், கல்வி, வேளாண்மை, அடிப்படை வசதி முதலிய துறைகளின் 49 சுட்டிகளில் அவற்றின் நிலை இணையத்தில் மாதந்தோறும் தரவரிசையாக வெளியாகிறது. வரிசையில் மாவட்டம் ஏறியதையும் இறங்கியதையும் ஆட்சியர் அலுவலகம் அன்றே பார்த்துவிடுகிறது. அந்த மாவட்டங்களின் கமுதி, திருச்சுழிப் பக்கத்து ஊரார் அந்த எண்ணைக் கொட்டாம்பட்டிப் பலகையில் பார்த்ததுபோல் வாசலில் பார்க்கிறார்களா என்பது வேறு கேள்வி.