கடலில்லா நகரத்தின் கடல்வழி ஒப்பந்தங்கள்: பெங்களூரு ஏற்றுமதியாளரின் ஒப்படைப்புக் கடமை

பன்னாட்டு விற்பனை ஒப்பந்தத்தில் விற்பவர் சரக்கை எங்கே, எந்தக் கட்டத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்றே தீர்மானிக்கிறது. பாரிஸ் நகரிலுள்ள பன்னாட்டு வணிகச் சபை 1936-இல் முதன்முதலாக வெளியிட்டுப் பலமுறை திருத்தியமைத்த இன்கோடெர்ம்ஸ் என்னும் வணிக விதிகள், 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள பதிப்பில் இத்தகைய 11 சுருக்கங்களை வரையறுக்கின்றன; அவற்றுள் 7 எவ்வகைப் போக்குவரத்துக்கும் பொதுவானவை, 4 கடல்வழிக்கும் உள்நாட்டு நீர்வழிக்கும் மட்டுமே உரியவை. துறைமுகமே இல்லாத பெங்களூருவிலிருந்து கொள்கலனில் சரக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர் கடல்வழிக்குரிய எஃப்.ஓ.பி. விதியை ஏற்பது, தம் கையைவிட்டுப் போன சரக்கின் இடரைத் தாமே சுமப்பதாக முடிகிறது என்பதும், அவருக்குப் பொருந்துவது எஃப்.சி.ஏ. விதியே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இரு விதிகளும் இரு எல்லைகளும்

ஒவ்வொரு விதியும் விற்பவரின் கடமைகளைப் பத்துத் தலைப்புகளில் வகுக்கிறது. சரக்கையும் விலைப்பட்டியலையும் அளித்தல், ஒப்படைத்தல், போக்குவரத்து, காப்பீடு, ஆவணம், சுங்க அனுமதி, சிப்பமிடுதல், செலவுப் பகிர்வு, அறிவிப்பு ஆகியவற்றோடு இடர் மாற்றமும் அவற்றுள் அடங்கும். சரக்கு அழிந்தாலோ சேதமுற்றாலோ அந்த இழப்பு யாரைச் சேரும் என்பதை வரையறுப்பதே இடர் மாற்றம். எஃப்.ஓ.பி. விதியில் குறிப்பிட்ட துறைமுகத்தில் சரக்கு கப்பலின்மேல் ஏற்றப்பட்ட பின்னரே இடர் வாங்குபவரைச் சேர்கிறது. எஃப்.சி.ஏ. விதியிலோ, வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்தாளரிடம் குறித்த இடத்தில் சரக்கை ஒப்படைத்த கணமே அது மாறிவிடுகிறது. அந்த இடம் விற்பவரின் ஆலையாக இருந்தால் வாங்குபவரின் வண்டியில் ஏற்றித் தருவது விற்பவரின் பொறுப்பு. வேறு இடமாக இருந்தால், தம் வண்டியிலிருந்து இறக்குவதற்குத் தயாரான நிலையில் சரக்கை அங்கே கொண்டுசேர்ப்பதோடு அவர் கடமை நிறைவேறுகிறது.

இந்த வேறுபாட்டின் கனம் சரக்கின் பயண வழியைப் பார்த்தால் விளங்கும். பெங்களூருவின் பீன்யா தொழிற்பகுதியிலுள்ள ஓர் ஆலையில் நிரப்பி முத்திரையிடப்பட்ட கொள்கலன், லாரியில் வைட்ஃபீல்டு உள்நாட்டுக் கொள்கலன் நிலையத்தை அடைந்து, அங்கேயே சுங்க அனுமதி பெற்று, ரயிலேறி, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் கடந்து சென்னைத் துறைமுக முற்றத்தில் கப்பலுக்காகக் காத்திருக்கிறது. இந்தியாவின் முதல் உள்நாட்டுக் கொள்கலன் நிலையம் 1981-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்டதன் நோக்கமே, துறைமுகத்தின் பணிகளை நகருக்குள் கொண்டுவருவதாகும். ஆயினும் ஒப்பந்தத்தில் ‘எஃப்.ஓ.பி. சென்னை’ என்று எழுதப்பட்டிருக்குமானால், ரயில் பயணமும் முற்றத்துக் காத்திருப்பும் விற்பவரின் இடர்க்காலமாகவே நீடிக்கின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் சென்னையைத் தாக்கியதை நினைத்தால், இது ஏட்டளவிலான அச்சம் அன்று என்பது தெளிவாகும். கப்பலை அணுகுமுன்பே முனையத்தில் ஒப்படைக்கப்படும் கொள்கலன் சரக்குக்கு எஃப்.ஓ.பி. ஏற்றதன்று என்பதைப் பன்னாட்டு வணிகச் சபையின் விளக்கக் குறிப்பே சுட்டுகிறது.

இந்தியச் சட்டத்தின் நிலை

பன்னாட்டுச் சரக்கு விற்பனை குறித்த 1980-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா இணையாததால், இந்தியச் சட்டத்துக்குட்பட்ட ஒப்பந்தங்களில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே அடிப்படை. அதன் 26-ஆம் பிரிவு, மாறான உடன்பாடு இல்லாதபோது இடர் உரிமையைத் தொடர்ந்து செல்லும் என்கிறது. 39-ஆம் பிரிவு, போக்குவரத்தாளரிடம் ஒப்படைப்பதை வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே முதல் நோக்கில் கொள்கிறது. அதாவது, இந்தியச் சட்டத்தின் பொதுநிலை எஃப்.சி.ஏ. விதிக்கு நெருக்கமாகவே இருக்கிறது. ஆனால் எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தில் சரக்கு கப்பலேறும்போதுதான் உரிமை மாறுகிறது என்று வாடேயர் எதிர் தௌலத்ராம் ராமேஷ்வர்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொண்டது. அது விற்பனை வரி பற்றிய வழக்கே என்றாலும், 26-ஆம் பிரிவோடு சேர்த்துப் படிக்கையில், சட்டம் தரும் சாதகத்தை ஏற்றுமதியாளர் மூன்றெழுத்துகளால் தாமே கைவிடுகிறார் என்பது புலனாகும்.

பழக்கம் நீடிப்பதற்கான காரணங்கள்

எஃப்.ஓ.பி.யை விடாமல் பற்றியிருப்பதற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. முதலாவது வங்கி சார்ந்தது. வாங்குபவரின் வங்கி பணம் தருவதாக உறுதியளிக்கும் கடன் கடிதம், அதாவது எல்.சி., சரக்கு கப்பலேறியதைச் சான்றளிக்கும் பில் ஆஃப் லேடிங் ஆவணத்தைக் கேட்பதால், நிலையத்திலேயே ஒப்படைப்பவருக்குப் பணம் கிடைப்பது சிக்கலாகும் என்பர். 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு வழி செய்திருக்கிறது: இருதரப்பும் உடன்பட்டால், அந்த ஆவணத்தை விற்பவருக்கு வழங்குமாறு வாங்குபவர் தம் போக்குவரத்தாளருக்கு அறிவுறுத்த வேண்டும். மேலும், 1993-ஆம் ஆண்டின் பல்வகைப் போக்குவரத்துச் சட்டப்படி வழங்கப்படும் ஆவணம் இந்தியாவில் சரக்குரிமை ஆவணமாகவே கருதப்படுகிறது; கடன் கடிதங்களுக்கான யு.சி.பி. 600 விதிகளின் 19-ஆம் பிரிவும் பல்வகைப் போக்குவரத்து ஆவணத்தை ஏற்கிறது. ஆகவே தடை சட்டத்தில் இல்லை, எல்.சி.யின் வாசகத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது காரணம் சுங்கம் சார்ந்தது. ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் எஃப்.ஓ.பி. மதிப்பைக் கேட்கிறது, ஏற்றுமதிச் சலுகைகள் பலவும் அம்மதிப்பின் விழுக்காடாகவே கணக்கிடப்படுகின்றன. ஆனால் அது அரசு கேட்கும் ஒரு மதிப்பீட்டு அளவு மட்டுமே. இடர் எங்கே மாற வேண்டும் என்று அது கட்டளையிடுவதில்லை. எஃப்.சி.ஏ. விலையோடு கப்பலேறும் வரையிலான செலவைச் சேர்த்தால் அம்மதிப்பு கிடைத்துவிடும்.

தேவனஹள்ளி விமான நிலையம் வழியாகச் செல்லும் ரோஜா மலர்களுக்கும் ஆயத்த ஆடைகளுக்கும்கூட ‘எஃப்.ஓ.பி. பெங்களூரு’ என்று எழுதும் வழக்கம் மேலும் பொருந்தாதது. விமானச் சரக்குக்கென 1976-இல் சேர்க்கப்பட்ட ‘எஃப்.ஓ.பி. விமான நிலையம்’ என்னும் விதி 1990-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே நீக்கப்பட்டு எஃப்.சி.ஏ.யில் அடங்கிவிட்டது. எதிர்முனைக்குச் சென்று, ஆலை வாயிலோடு பொறுப்பை முடிக்கும் இ.எக்ஸ்.டபிள்யூ. விதியைத் தேர்வதும் தீர்வாகாது. அவ்விதி ஏற்றுமதிச் சுங்க அனுமதியை வாங்குபவர்மேல் சுமத்துகிறது, இந்தியாவின் ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் இல்லாத அயல்நாட்டு வாங்குபவரால் அதை நிறைவேற்ற இயலாது.

எனவே, வைட்ஃபீல்டு வழியாகச் செல்லும் கொள்கலனுக்கு ‘எஃப்.சி.ஏ., உள்நாட்டுக் கொள்கலன் நிலையம், வைட்ஃபீல்டு, பெங்களூரு, இன்கோடெர்ம்ஸ் 2020’ என இடத்தையும் பதிப்பையும் ஐயமற எழுதி, அதற்கிசைந்த ஆவணத்தையே எல்.சி.யிலும் கேட்கச் செய்வதே ஏற்றுமதியாளருக்குப் பாதுகாப்பான முறையாகும். பெரிய வாங்குபவரிடம் சிறு ஏற்றுமதியாளர் தனித்து நின்று இதை வற்புறுத்துவது கடினம். ஆகையால், 1916-இல் அப்போதைய மைசூர் திவான் விசுவேசுவரய்யாவின் முயற்சியில் மைசூர் வணிகச் சபையாகத் தோன்றிய கர்நாடக வர்த்தக, தொழிற்சபைகளின் கூட்டமைப்பு, வங்கிகளோடு கலந்து ஒரு மாதிரி ஒப்பந்த வாசகத்தையும் எல்.சி. வாசகத்தையும் வகுத்து, தன் உறுப்பினர்களுக்கு வழங்க முன்வர வேண்டும்.