எலிக்கும் வலிக்கும்



செம்பனைத் தோட்டத்தில் எலி நமக்குப் பகை. ஆயினும், நம் கெடாவின் செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் பயிலும் மருத்துவ அறிவின் ஒரு பகுதி, எலிகளை அறுத்து ஆராய்ந்து பெற்றதே.

அவ்வெலிகளின் வலியைப் பற்றிய கவலை மெல்லவே வளர்ந்தது. 1876ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம், சில விலக்குகளோடு, சோதனையின்போது மயக்கமருந்து வேண்டும் என்றது. மயக்கம் தெளிந்தபின் வரும் வலிக்கு என் செய்வது? 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் மாற்று, குறைப்பு, செம்மையாக்கம் என மூன்று நெறிகளை வகுத்தனர். வலி தணித்தல் மூன்றாவதைச் சாரும்.

ஆனால், பிற உயிர்களுக்கு இரையாகும் எலி தன் வலியை மறைத்துக்கொள்ளும். 2010இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி மோகில் குழுவினர், இடுங்கிய கண், புடைத்த மூக்கு, காதின் நிலை, மீசையின் நிலை முதலியவற்றைக் கொண்டு சுண்டெலியின் வலியை அளக்க வழி கண்டனர். இன்று புப்ரெனார்ஃபின் போன்ற வலிநீக்கியை அறுவைக்கு முன்பே செலுத்துவது நல்ல முறையாகக் கருதப்படுகிறது.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017இல் நடப்புக்கு வந்தது. ஆய்வுக்குப் பயன்படும் விலங்குகளும் அதன் வரம்புக்குள் அடங்கும்.

வாய்பேசா உயிரின் முகம் பார்த்து அதன் துன்பம் அறிதலே மருத்துவத்தின் முதற்பாடம் என்பேன். அப்பாடத்தை நம் தொடக்கப்பள்ளியிலேயே தொடங்குவோம்.